தூரில் சிவப்புச் சாறு வடிகிற தென்னை: வெட்டினால் கிணற்றடி மறைப்புக்கு என்ன வழி?

17 ஏப்ரல் 2022 · பெரியபட்டினம் கொல்லை

கொல்லையில் மூன்று தென்னை. முடுக்கை (குறுகிய சந்து) ஒட்டி நிற்கிற மரத்துக்கு முப்பது வயதுக்கு மேல். இரண்டு மாதமாகத் தூரில் சிவப்பும் கறுப்புமாகச் சாறு வடிகிறது, குரும்பை கொட்டுகிறது. உப்புக் காற்று என்கிறார் ஒருவர், இடி இறங்கியிருக்கும் என்கிறார் இன்னொருவர். கிணற்றடியை மறைக்கிற கிடுகுத் தட்டியின் ஒரு முனை இந்த மரத்தில்தான் கட்டியிருக்கிறது. மரம் போனால் 32 அடி நீளத்துக்கு முடுக்கும் கிணற்றடியும் ஒன்றாகிவிடும். பெண்கள் புழங்குகிற இடம். மரத்தை வெட்டி, அந்தக் குழியில் தொடங்கி வரிசையாகச் சவுக்கு வைக்கலாமா? சவுக்கு சீக்கிரம் வளரும், உப்பும் தாங்கும்.

17 ஏப்ரல் · மட்டைவேலி, தொண்டி

சவுக்கு வைக்க வேண்டாம், தம்பி. காரணம் பிறகு. முதலில் சாறு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தென்னையில் சாறு வடிவது மூன்று காரணத்தால். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

தண்டில் நெடுக்காக வெடித்த வெடிப்பிலிருந்து துரு நிறத்தில் வடிந்து காய்ந்து கறுத்தால் அது சாறு வடிதல் நோய். கெட்ட பகுதியைச் செதுக்கி மருந்து பூசி, இரண்டு நாள் விட்டுத் தார் பூசினால் மரம் பிழைக்கும்.

ஓட்டையிலிருந்து வடிந்து, ஓட்டை வாயில் மென்று துப்பியது போல் நார் தள்ளியிருந்தால் சிவப்புக் கூன்வண்டு. மரத்தில் காதை வைத்தால் உள்ளே நறநறவென்று கேட்கும்.

மண்ணோடு மண்ணாக, தூரின் அடியில் தொடங்கி மேலே ஏறினால் அடித்தண்டழுகல். தஞ்சாவூர் வாடல் நோய் என்று சொல்வதும் இதைத்தான். 1952இல் தஞ்சாவூர்ப் பக்கம் முதலில் பதிவானதால் அந்தப் பெயர். கானோடெர்மா என்கிற பூஞ்சை வேர் வழியாக ஏறுகிறது.

அரிவாள் முதுகால் தூரைச் சுற்றித் தட்டுங்கள். நல்ல மரம் 'டக்' என்று கெட்டியாகச் சொல்லும். அழுகின இடம் 'பொத்' என்று அமுங்கும். எவ்வளவு உயரம் வரை அப்படிக் கேட்கிறது, கீழ்மட்டைகள் எப்படித் தொங்குகின்றன, மழைக்காலத்தில் தூரில் காளான் வந்ததா, மூன்றையும் எழுதுங்கள்.

18 ஏப்ரல் · பெரியபட்டினம் கொல்லை

சாறு தரையிலிருந்து 3 அடி வரை. ஓட்டை எதுவும் இல்லை. கிழக்குப் பக்கம் 4 அடி வரை பொத்தென்று கேட்கிறது, மேற்கில் கெட்டி. கீழ்மட்டைகள் மஞ்சளாகி, ஒடியாமல் தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரித் தொங்குகின்றன. போன மார்கழியில் தூரில் பலகை மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. மேலே வார்னிஷ் அடித்தது போலச் செம்பழுப்பு, ஓரமும் அடியும் வெள்ளை. விளக்குமாற்றால் தட்டி எறிந்தோம்.

18 ஏப்ரல் · மட்டைவேலி, தொண்டி

சந்தேகமே வேண்டாம், கானோடெர்மாதான். அந்தப் பலகைக் காளான் அதன் கனி. அது தெரியும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். இந்த மரத்துக்கு மருந்து கட்டிப் பணத்தை விடாதீர்கள். சாறு ஓரடிக்குள் இருந்து, மட்டையெல்லாம் பச்சையாக இருந்தால் முயன்று பார்க்கலாம். 4 அடி வரை கோறையான மரம் கச்சான் காற்றில் எந்தப் பக்கமும் சாயும்.

இப்போது சவுக்கு. இதே பூஞ்சை சவுக்கின் வேரையும் தின்னும். புங்கன், வாகை, மயில்கொன்றை எல்லாமே அதற்கு உணவு. தென்னை செத்த குழியில் சவுக்கு வைத்தால் நோயை நாமே வரிசை கட்டி வளர்த்ததாகும். இன்னொரு குறை: நெருக்கி நட்ட சவுக்கு மூன்று நான்கு வருடத்தில் கீழ்க்கிளையை உதிர்த்துவிடும். உச்சி அடர்ந்து நிற்கும், கண் மட்டத்தில் வெறும் குச்சி வரிசை. மறைப்பு வேண்டிய இடத்தில்தான் ஓட்டை.

செத்த மரத்துக்குப் பதில் இன்னொரு மரம் என்று யோசிக்காமல், முதலில் தட்டி, பிறகு செடி என்று போங்கள். தட்டி உடனே மறைக்கும், உப்பையும் வாங்கிக்கொள்ளும். அதன் நிழலில் செடி இரண்டு மழைக்காலத்தில் எழுந்து நிற்கும். ஓலை இற்றுப்போகிற நேரத்தில் செடி தயார்.

18 ஏப்ரல் · சாயல்குடி பனை

வெட்டுவது பற்றி ஒன்று. ஆள் ஏறக்கூடாது. வழக்கமாக ஏறுகிறவர் கொண்டையை இறக்கிவிட்டு ஐந்தைந்து அடித் துண்டாக வெட்டி இறங்குவார். அடி கோறையான மரத்தில் அது உயிருக்கு ஆபத்து. கொண்டையை வெட்டும்போது வரும் ஆட்டத்தை அழுகின தூர் தாங்காது.

மெல்லிய கயிற்றில் வலை ஈயக்குண்டு ஒன்றைக் கட்டி, கீழிருந்து கொண்டையின் மட்டை இடுக்கில் வீசுங்கள். அது மறுபக்கம் இறங்கியதும் அதோடு கனமான கயிற்றைக் கட்டி இழுத்து, சுருக்குப் போட்டு இறுக்குங்கள். இரண்டு கயிறு வேண்டும், ஒன்று சாய்க்கிற பக்கம், ஒன்று வீட்டுக்கு எதிர்ப்பக்கம். இழுக்கிறவர்கள் மரத்தின் உயரத்தைவிடப் பத்தடி தள்ளி நிற்க வேண்டும். அறுப்பதை 5 அடி உயரத்தில், கெட்டிச் சத்தம் வருகிற இடத்தில் செய்யுங்கள். சாய்க்கிற பக்கம் கால் பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கம் நாலு விரல் மேலே அறுக்க வேண்டும். தூரில் அறுத்தால் அழுகின பக்கம் நசுங்கி மரம் அந்தப் பக்கம் திரும்பிவிடும். காலை ஒன்பது மணிக்குள் முடியுங்கள், பிற்பகலில் காற்று எழும். மின்கம்பி பக்கத்தில் போனால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திவிட்டுத்தான் கயிறு கட்ட வேண்டும்.

முதலில் முடுக்கில் ஆள் நடமாட்டத்தை நிறுத்துங்கள். சுற்று வீடுகளில் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.

19 ஏப்ரல் · மட்டைவேலி, தொண்டி

மற்ற இரண்டு தென்னைதான் இனி முக்கியம். தூரம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. 25 அடிக்குள் இருந்தால் வேர் வேரைத் தொட்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் மரத்தைச் சுற்றி 4 அடி தள்ளி, ஓரடி அகலம், 2 அடி ஆழத்தில் அகழி. வெட்டின மண் அகழிக்கு உள்ளே, நோய் மரத்தின் பக்கமே விழ வேண்டும். நல்ல மரத்தின் பக்கம் ஒரு சட்டி மண்கூடப் போகக்கூடாது. மண்வெட்டியையும் கழுவாமல் அங்கே கொண்டுபோக வேண்டாம்.

நல்ல மரத்துக்கு 1 சதவீதப் போர்டோக் கலவை, மரத்துக்கு 40 லிட்டர், தூரிலிருந்து ஐந்தடிச் சுற்றுக்குள் மண் நனைய ஊற்றுங்கள். 40 லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 400 கிராம், நீர்க்காத சுண்ணாம்பு 400 கிராம். துத்தத்தை 20 லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள், இரும்பு வாளி கூடாது. சுண்ணாம்பை இன்னொரு 20 லிட்டரில் நீர்த்து, ஆறவிட்டு வடிகட்டுங்கள். துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் திரிந்துவிடும். தேய்த்த இரும்புக் கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். கலந்த அன்றே ஊற்றிவிட வேண்டும்.

இதோடு வேர் வழி மருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை: ஹெக்சகோனசோல் என்கிற பூஞ்சைக் கொல்லி 2 மி.லி., 100 மி.லி. தண்ணீரில். பழைய துண்டறிக்கைகளில் ட்ரைடிமார்ப் என்று இருக்கும். அதை 2018இலேயே தடை செய்துவிட்டார்கள். பழைய புட்டி எங்காவது கிடைத்தாலும் தொடாதீர்கள். காயைப் பறித்துவிட்டு மருந்து கட்டுங்கள். அதன்பின் 45 நாள் காயோ இளநீரோ இறக்கக்கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள், நோன்பு திறக்க யாராவது இளநீர் வெட்டிவிடப் போகிறார்கள்.

ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, ட்ரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்குகிற நல்ல பூஞ்சை) 200 கிராம். கோடையில் நாலு நாளுக்கு ஒரு தண்ணீர் தவறக்கூடாது. கடற்கரை மணலில் கோடை முழுக்கக் காயவிட்டு மழையில் ஊறவிடுகிற கொல்லையைத்தான் இந்த நோய் தேடி வரும்.

19 ஏப்ரல், இரவு · மட்டைவேலி, தொண்டி

மேலே எழுதினதில் ஒரு திருத்தம். போர்டோவையும் ட்ரைக்கோடெர்மாவையும் அடுத்தடுத்துப் போடாதீர்கள். செம்பு அந்த நல்ல பூஞ்சையையும் கொன்றுவிடும். போர்டோ ஊற்றி ஒரு மாதம் கழித்து ட்ரைக்கோடெர்மாவைத் தொழு உரத்தில் கலந்து, ஈரமாக, நிழலில் பத்து நாள் வைத்திருந்து போடுங்கள்.

20 ஏப்ரல் · பெரியபட்டினம் கொல்லை

காக்கா (அண்ணா), இரண்டு மரமும் 18, 22 அடியில் இருக்கின்றன. வேர் எப்படித் தேர்ந்தெடுப்பது? பழைய வேரெல்லாம் கறுப்பாக இருக்கிறது.

20 ஏப்ரல் · மட்டைவேலி, தொண்டி

தூரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி மெதுவாகப் பறியுங்கள். பென்சில் தடிமனில், இளமஞ்சளோ வெளிர்ச் செம்பழுப்போ நிறத்தில், நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக இருக்கிற வேர் உயிருள்ளது. கறுப்பு வேர் குடிக்காது. நுனியைக் கூரிய கத்தியால் சாய்வாக வெட்டி, மருந்து உள்ள பாலிதீன் பையில் அடிவரை விட்டு நூலால் கட்டுங்கள். காலையில் கட்டினால் மறுநாள் காலைக்குள் பை வற்றியிருக்கும். வற்றாவிட்டால் அதே மருந்தை வேறு வேருக்கு மாற்றுங்கள். மழுங்கின அரிவாளால் நசுக்கி வெட்டுவதுதான் வழக்கமான தவறு. வேரின் துளை அடைத்துக்கொள்ளும்.

22 ஏப்ரல் · பெரியபட்டினம் கொல்லை

தட்டிக்கு அளவு: நீளம் 32 அடி. முடுக்கு தென்புறம், கடல் அதற்கு அப்பால். சிமெண்ட் ரோடு மேல் ரோடு போட்டு முடுக்கு கொல்லையைவிட ஒன்றரை அடி உயர்ந்துவிட்டது. பழைய தட்டி 6 அடி.

22 ஏப்ரல் · மட்டைவேலி, தொண்டி

அந்த ஒன்றரை அடிதான் எல்லாக் கணக்கையும் கெடுக்கிறது. முடுக்கில் நடப்பவரின் கண் ரோட்டிலிருந்து ஐந்தேகால் அடி என்றால், கொல்லைத் தரையிலிருந்து ஆறே முக்கால். 6 அடித் தட்டி அவருக்கு நெஞ்சளவு மாதிரி. கொல்லைத் தரையிலிருந்து 7 அடி வேண்டும். மணலில் கால் இரண்டரை அடி இறங்க வேண்டும். ஆக 10 அடிச் சவுக்குக் கம்பு, அடியில் கைமணிக்கட்டு தடிமன். 4 அடிக்கு ஒன்று, மொத்தம் 9. புதைகிற இரண்டரை அடியையும் தரைக்கு மேல் அரை அடியையும் நெருப்பில் வாட்டித் தார் பூசுங்கள். மணல் கரையான் இரண்டே மழையில் கம்பைச் சல்லடையாக்கிவிடும்.

கீழே மட்டை, மேலே ஓலை என்று இரண்டு அடுக்காகக் கட்டுங்கள். கீழ் அடுக்கு கருக்கு மட்டை (ஓரத்தில் ரம்பப் பல் உள்ள பனை மட்டை), மூன்றரை அடி, நெட்டுக்குத்தாக நெருக்கி. அடிக்கு நாலு வரும், 128. கோணல் கழிய 140 வாங்குங்கள். ஆடு, நாய், மணல் எதுவும் நுழையாது. மேல் அடுக்கு பனை ஓலை. படியவைத்த ஓலை மூன்றடி விரியும், பாதி மேல் பாதி ஏற்றினால் ஓர் ஓலைக்கு ஒன்றரை அடி. ஓர் அடுக்குக்கு 22, உள்ளும் வெளியும் 44. 50 எடுங்கள். குறுக்கே கட்டுகிற வரிச்சுக் கழி 1, 3, 6 அடி உயரத்தில், இரு பக்கமும். 12 அடிக் கழி 18 வேண்டும்.

கட்டுவதற்குக் கட்டுக்கம்பி வேண்டாம். கடலோரத்தில் அது ஒரு வருடத்தில் துருப்பிடித்து அறுந்து ஓலையையும் கிழிக்கும். இரவு முழுக்க ஊறின பனை நார், இல்லாவிட்டால் 4 மி.மீ. வலைக் கயிறு. நார் காயக் காய இறுகும், கயிறு தளரும். கயிறு என்றால் ஒரு மாதம் கழித்து எல்லா முடிச்சையும் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும்.

மரம் விழுந்த அன்றே இதைக் கட்டிவிடுங்கள், பிறகு நிதானமாகத் தூரைத் தோண்டி அங்கேயே எரிக்கலாம்.

23 ஏப்ரல் · சாயல்குடி பனை

அண்ணாச்சி, காய்ந்த ஓலைத் தட்டி கட்டிவிட்டு அதன் அடியிலேயே தூரை எரிக்கச் சொல்கிறீர்களே. ஒரு பொறி போதும், தட்டியோடு பக்கத்துக் கூரையும் போகும்.

ஓலை பற்றி: பச்சை ஓலையை அப்படியே கட்டினால் காயும்போது சுருண்டு விரல் இடுக்குப் போல் விரிந்துவிடும். மணல் தரையில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கல் ஏற்றி, பத்து நாள் படியவையுங்கள். நடுவில் ஒருமுறை புரட்டி அடுக்க வேண்டும், அடியில் இருப்பது பூசணம் பிடிக்கும். பதநீருக்கு மரம் ஏறுமுன் மட்டை கழிப்பார்கள், அப்போது மலிவு. இப்போது பருவம் ஓடிக்கொண்டிருப்பதால் ஏறுகிறவர்களிடம் நேரடியாகச் சொல்லி வையுங்கள். கம்புக்குப் பதில் பனங்கை (பனை மரத்தில் அறுத்த சட்டம்) கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அதற்காகப் பனையை வெட்டச் சொல்லிவிடாதீர்கள். 2021 முதல் பனை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது. பழைய வீடு பிரிக்கிற இடத்தில் கிடைக்கும் பனங்கையே போதும்.

23 ஏப்ரல் · மட்டைவேலி, தொண்டி

சரியாகப் பிடித்தீர்கள். நான் எழுதின வரிசை தப்பு. இப்படி மாற்றிக்கொள்ளுங்கள், தம்பி: ஒன்பது கம்பையும் இப்போதே நட்டு, அதில் தற்காலிகமாக நிழல் வலை கட்டுங்கள். பிறகு மரம் சாய்த்தல், தூர் பறித்தல். தூரை முடுக்கை விட்டுத் தள்ளி, திறந்த மணலில் காயவைத்து எரித்தல். குழியைப் பாலிதீன் போட்டு வேகவிடுதல். எல்லாம் முடிந்தபின் மட்டையும் ஓலையும். செடி ஐப்பசியில்.

23 ஏப்ரல் · பெரியபட்டினம் கொல்லை

நிழல் வலையையே நிரந்தரமாக விட்டால் என்ன? 90 சதவீத வலை விற்கிறார்கள்.

23 ஏப்ரல் · மட்டைவேலி, தொண்டி

பகலில் சரி. இரவு கிணற்றடியில் விளக்குப் போட்டால் உள்ளே இருப்பவர் நிழலாட்டமாக வெளியே தெரிவார். அது ஒன்றே போதும் வேண்டாம் என்பதற்கு. தவிர, அடர்ந்த வலை பாய் மாதிரிக் காற்றை வாங்கும், கண்ணியில் கிழியும், கம்பையும் அசைத்துத் தளர்த்தும். மட்டைத் தட்டியில் இண்டு இடுக்கு வழியாகக் காற்று கசியும், அதனால்தான் அது நிற்கிறது. மேல் அடுக்கின் கடைசி அரை அடியில் ஓலை விளிம்பை இறுக்கி முடிக்காமல் தளர விடுவதும் இதற்குத்தான். தட்டி கட்டும் வரை வலை போதும். இரவில் விளக்கை ஆளுக்குப் பின்னால், வீட்டுப் பக்கம் இல்லாமல், தட்டியின் மேலேயே உள்நோக்கி மாட்டுங்கள். நிழல் வீட்டுப் பக்கம் விழும்.

9 மே · பெரியபட்டினம் கொல்லை

மரம் கிடத்தியாயிற்று, வடக்கே கொல்லைக்குள் விழுந்தது. தூரைத் தோண்டினால் மணல் சரிந்துகொண்டே இருக்கிறது. அகழியும் நிற்கவில்லை, காலையில் வெட்டினது மாலையில் மூடிவிடுகிறது. அறுத்த துண்டுகளில் மேல் இருபதடி கெட்டி. என்ன செய்வது?

9 மே · மட்டைவேலி, தொண்டி

மணலை நன்றாக நனைத்துவிட்டு வெட்டுங்கள், ஈர மணல் சுவர் அரை நாள் நிற்கும். அகழியை எட்டடி எட்டடியாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் கனமான பாலிதீன் தாளை நெட்டுக்குத்தாக நிறுத்தி உடனே மண்ணைத் தள்ளி மூடுங்கள். தாள்களின் சேர்மானம் ஓரடி ஒன்றன் மேல் ஒன்று ஏறட்டும். திறந்த அகழி செய்கிற வேலையை அந்தத் தாள் செய்யும். மழையில் தண்ணீரும் தேங்காது.

தூர்க் குழி ஐந்தடி விட்டம், மூன்றடி ஆழம். கையில் எடுத்தால் நாராகப் பிரிகிற செம்பழுப்பு வேர் ஒவ்வொன்றையும் பொறுக்க வேண்டும். சல்லடை போட்டுச் சலித்தால் நல்லது. பெரிய தூரைவிட இந்தச் சின்னத் துண்டுகள்தான் அடுத்த மரத்துக்கு நோய் கொண்டுபோகும்.

தூரும் கீழ் ஆறடித் தண்டும் நெருப்புக்கு. மேல் துண்டை விற்கலாம், பலகைக்கோ சூளைக்கோ. கொல்லையில் போட்டு வைக்காதீர்கள். அழுகத் தொடங்கின தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், அப்புறம் மீதி இரண்டு மரத்தின் குருத்தைத் துளைக்க வரும்.

29 மே · மட்டைவேலி, தொண்டி

குழிக்கு: மண்ணை நிரப்பி, நன்றாக நனைத்து, வெள்ளைக் கண்ணாடிப் பாலிதீனை மண்ணோடு ஒட்ட விரித்து ஓரங்களைப் புதையுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம், வெயில் உள்ளே இறங்காது. ஆறு வாரம். மேலடுக்கு மண்தான் வேகும், மூன்றடி ஆழத்துக்குச் சூடு போகாது. அதனால்தான் வேர் பொறுக்குவதில் கறாராக இருக்கச் சொன்னேன்.

16 ஜூலை · பெரியபட்டினம் கொல்லை

தட்டி முடிந்தது. 140 மட்டையில் 9 மிச்சம். இரண்டாவது தென்னையின் ஓலையெல்லாம் மேலே கறுப்பு மசி படிந்திருக்கிறது. நோய் ஏறிவிட்டதா?

16 ஜூலை · சாயல்குடி பனை

இல்லை. ஓலையைத் திருப்பி அடியைப் பாருங்கள். வட்ட வட்டமாகச் சுருளாக வெள்ளை மெழுகுக் கோடு இருந்தால் சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தொடங்கி எங்கும் பரவிவிட்டது. அது கழிக்கிற தேன் போன்ற நீரில்தான் கறுப்புப் பூசணம் வளரும். விசைக் குழாயால் ஓலையின் அடியில் தண்ணீர் அடியுங்கள், கஞ்சித் தண்ணீர் தெளித்தால் காய்ந்து மசியோடு உரிந்து விழும். விஷ மருந்து அடித்தால் அதைத் தின்கிற குளவியும் செத்து, ஈ இன்னும் பெருகும். நேற்று நட்ட தட்டிக்கு ஒரு வார்த்தை: மட்டையின் அடி மண்ணில் படக்கூடாது. ஓட்டுச் சில்லு வரிசையாக வைத்து மூன்று விரல் தூக்குங்கள். அந்த இடுக்கைத் தினமும் பெருக்க வேண்டும். சருகு சேர்ந்தால் எலி, எலி வந்தால் பாம்பு.

2 செப்டம்பர் · பெரியபட்டினம் கொல்லை

தட்டிக்குப் பின்னால் என்ன நடுவது? கிளுவை, பூவரசு, நொச்சி மூன்றும் சொல்கிறார்கள்.

2 செப்டம்பர் · மட்டைவேலி, தொண்டி

கிளுவைப் போத்து (நடுகிற கிளை) எங்கே குத்தினாலும் தழைக்கும், நம் பக்கத்து வேலி அதுதான். ஆனால் கோடையில் இலை முழுக்க உதிர்த்துவிடும். மாசியிலிருந்து முதல் மழை வரை வெறும் முள். வேலிக்குச் சரி, மறைப்புக்குச் சரியில்லை. நான் நொச்சி சொல்வேன்.

3 செப்டம்பர் · சாயல்குடி பனை

பூவரசை விட்டுவிட்டீர்களே. உப்புக்கு அதைப்போல் தாங்குகிற மரம் கரையில் குறைவு. ஆறடிப் போத்து நட்டால் முதல் நாளே ஆள் உயரம்.

3 செப்டம்பர் · மட்டைவேலி, தொண்டி

உப்பு தாங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்டுக்குப் பூவரச இலை பலகாரம். முடுக்கில் போகிற ஆடு எட்டின வரை மேய்ந்துவிடும். பெரிதானால் தண்டு தடித்துத் தட்டியைத் தள்ளும், வேர் கிணற்றுச் சுவரைத் தேடும். 32 அடியில் இரண்டு மூலையிலும் ஒவ்வொரு பூவரசு வைத்துக்கொள்ளலாம், வரிசையாக வேண்டாம். நொச்சியை ஆடு மாடு தொடாது, கசப்பு. வெட்ட வெட்டப் புதர் கட்டும், வேர் அடங்கி நிற்கும், கிணற்றடிச் சோப்புத் தண்ணீரையும் பொறுக்கும். கோட்டை மதிலைக் காக்கிறவர்கள் சூடின பூ நொச்சி, மதில் காப்பதற்கே புறத்திணையில் நொச்சி என்றுதான் பெயர். இந்தக் கொல்லைக்கும் அதே வேலைதான்.

20 அக்டோபர் · மட்டைவேலி, தொண்டி

மழை இறங்கிவிட்டது, இந்த வாரமே நடுங்கள். கட்டைவிரல் தடிமனில் முற்றின குச்சி, ஓரடி நீளம், மூன்று கணுவாவது இருக்க வேண்டும். அடியைச் சாய்வாகவும் மேலை நேராகவும் வெட்டினால் தலைகீழாக நடுகிற தவறு வராது. மேல் வெட்டில் சாணம் அப்புங்கள். தட்டியிலிருந்து இரண்டடி உள்ளே முதல் வரிசை, அதிலிருந்து ஒன்றரை அடியில் இரண்டாவது. ஒன்றரை அடிக்கு ஒரு குச்சி, இரண்டு வரிசையும் மாற்றி மாற்றி. பழைய குழியின் ஆறடி போக 26 அடிக்கு வரிசைக்கு 18, மொத்தம் 36. இன்னொரு 16 குச்சியைப் பையில் போட்டு வையுங்கள், மணலில் நாலில் ஒன்று பட்டுப்போவது வழக்கம். குழிக்கு ஒரு சட்டி கண்மாய் வண்டல், ஒரு சட்டி தொழு உரம். பாதிக் குச்சி மண்ணுக்குள். பழைய தென்னைக் குழி இருந்த ஆறடியை மட்டும் ஒரு வருடம் வெறுமையாக விடுங்கள், அங்கே தட்டி மறைக்கும்.

இரண்டடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். கைக்கு மனம் வராது. கிள்ளாவிட்டால் நெடுநெடுவென்று போய்க் கீழே ஓட்டை விழும், சவுக்குக்குச் சொன்ன அதே குறை.

27 நவம்பர் · பெரியபட்டினம் கொல்லை

கிழக்கு முனையில் ஏழு செடியில் இலை ஓரம் கருகுகிறது. பூஞ்சையா, காக்கா?

27 நவம்பர் · மட்டைவேலி, தொண்டி

கருகல் எந்தப் பக்கத்து இலையில்? காற்று வருகிற பக்கம் மட்டும் கருகி, பின்பக்கம் பச்சையாக இருந்தால் உப்பு. நோய்க்குப் பக்கம் கிடையாது. கிழக்கு முனை திறந்திருக்கும், தட்டி அங்கே முடிந்துவிடுகிறதல்லவா? வாடை அந்த மூலையைச் சுற்றித்தான் உள்ளே வரும். மிச்சமிருக்கிற 9 மட்டையையும் ஆறு ஓலையையும் வைத்து, மூலையிலிருந்து உள்பக்கமாக நாலடிக்கு ஒரு மடிப்புக் கட்டுங்கள். மழை இல்லாத நாளில் காலையில் நல்ல தண்ணீரை இலை மேல் தெளித்து உப்பைக் கழுவுங்கள்.

8 ஜனவரி 2023 · பெரியபட்டினம் கொல்லை

மடிப்புக் கட்டினபின் புது இலை சுத்தமாக வருகிறது. 36இல் 27 பிழைத்தன, 9 மாற்றியாயிற்று. இன்று காலை பழைய குழியை ஒட்டி, அகழித் தாளுக்கு உள்பக்கம், மண்ணிலிருந்து எட்டணா அளவில் ஒரு காளான். மேலே செம்பழுப்பு, ஓரம் வெள்ளை. தென்னை இரண்டும் பச்சையாக இருக்கின்றன, தட்டினால் கெட்டி.

8 ஜனவரி · மட்டைவேலி, தொண்டி

பறித்து எறியாதீர்கள், அதுதான் வழிகாட்டி. அதன் அடியைப் பிடித்துக்கொண்டே மண்ணைப் பறித்துப் போனால் விட்டுப்போன வேர் ஒன்று இருக்கும். அது எங்கே முடிகிறதோ அதுவரை முழுதாக எடுத்து, காளானோடு ஒரே சாக்கில் போட்டு எரியுங்கள். தாளைத் தாண்டி ஓடவில்லை என்பதை விரலால் தடவிப் பாருங்கள். தாண்டியிருந்தால் அந்தப் பக்கத்துத் தென்னைக்கு இந்த மாதமே வேர் மருந்தும் போர்டோவும். தாண்டவில்லை என்றால் வழக்கமான மூன்று மாதக் கணக்கே போதும். எந்தப் பக்கம் என்று மட்டும் எழுதுங்கள்.

9 ஜனவரி · பெரியபட்டினம் கொல்லை

முக்கால் முழ வேர், தாளைத் தொட்டு வளைந்து உள்பக்கமே திரும்பியிருந்தது. எரித்தாயிற்று.